செங்கல்பட்டுக்கும் அதே வெக்கை

அரிசி மண்டிக்காரர் வீட்டு டெலிபோன் நம்பர் எனக்கு மறந்துபோனது ஓர் ஆடி மாதத்துக் காலையில். மணி எட்டே கால் இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் போர்டில் ஒரு ஜரிகை வியாபாரியின் எண்ணுக்கு மேலிருந்த சின்ன மூடி டக்கென்று விழுந்தது, அவர் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். கார்டை, அதாவது இணைப்புக் கொடுக்கும் வயரை, அந்த ஓட்டையில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்றேன். அந்த நாளில் காஞ்சிபுரத்தில் யாரும் நம்பர் சொல்லிக் கேட்பதில்லை. ஆளைச் சொல்லித்தான் கேட்பார்கள். "அரிசி மண்டி வூட்டுக்குப் போடும்மா" என்றார் அவர். என் வலது கை இன்னொரு கார்டை எடுத்துக்கொண்டு போர்டை நோக்கிப் போனது. போன கை பாதியில் நின்றுவிட்டது. எந்த ஓட்டையில் செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் போய் ஒரு பெரிய விஷயமாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். ஊரில் அப்போது முந்நூற்றுச் சொச்சம் இணைப்புகள்தான். பட்டுக் கடைகள், சாயப் பட்டறைகள், வக்கீல்கள், டாக்டர்கள், சினிமாக் கொட்டகைகள், எல்லாம் எந்த வரிசையில் எங்கே என்று என் கைக்குத் தெரியும். பதினேழு வருஷமாக அந்தப் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். டைரக்டரியைப் புதிதாக வருபவர்கள்தான் புரட்டுவார்கள். அன்றைக்கு நான் புரட்டினேன். புரட்டும்போதே மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக ஏறி, காது மடல் இரண்டும் தீயில் வாட்டியது போலக் காந்தியது. ஹெட்செட்டின் பட்டைக்குக் கீழே வியர்வை ஓடியது. நம்பரைக் கண்டுபிடித்துச் செருகிவிட்டேன். வியாபாரி ஒன்றும் கவனிக்கவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பிள்ளையார்பாளையத்தில் வீடு. வீட்டுக்காரர் என் மாமா மகன்தான், வீட்டிலேயே குழித்தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டுச் சர்க்கார் வேலைக்குப் போகிற பெண்டாட்டி எங்கள் தெருவில் அவருக்கு மட்டும்தான் உண்டு, அதில் அவருக்குப் பெருமை. ஒரே மகள். அந்த வருஷம் சித்திரையில்தான் அவளைத் திருப்புட்குழியில் கட்டிக்கொடுத்திருந்தோம். உடம்பில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். அதனால் எல்லாவற்றையும் கல்யாண அலைச்சல் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒன்றுமில்லாததற்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. மாதவிலக்கு எனக்கு எப்போதும் நாள் தவறாமல் வரும், அது ஒரு மாதம் மூன்று வாரத்திலேயே வந்துவிட்டது, அடுத்தது நாற்பது நாள் கழித்து வந்தது. அழுகை வேறு. ஒரு நாள் பெங்களூர் டிரங்க் காலை இணைத்துவிட்டு, லைன் சரியாகக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். அங்கிருந்த ஏஜெண்டு கச்சாப் பட்டு விலை ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. பட்டு விலை ஏறியதற்காக அழுத பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதை யாரிடம் சொல்வது? அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். தெருவில் சொன்னால் மறுநாள் ஊர் பேசும். நான் சொன்னது செங்கல்பட்டிடம்.

செங்கல்பட்டு என்றால் ஊர் இல்லை, ஒரு பெண். டிரங்க் லைனில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் காஞ்சிபுரம், அவள் செங்கல்பட்டு. பதினோரு வருஷமாகத் தினமும் பேசுகிறோம், முகம் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அவளுக்கு வார லீவு ஒரு நாள், எனக்கு வேறொரு நாள். ஆள் நெட்டையா குட்டையா என்றுகூடத் தெரியாது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், இரண்டு பையன்கள், வெங்காயம் போடாமல் சாம்பார் வைப்பாள். இதெல்லாம் தெரியும். காலையில் லைன் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம்.

மண்டி நம்பர் மறந்ததற்கு மறுநாள் லைனைச் சோதிக்கக் கூப்பிட்டேன்.

"நல்லா கேக்குது காஞ்சிபுரம். இன்னா, குரலே ஒரு மாதிரி இருக்குது?"

"எனக்கு மூளை கலங்கிக்கினு வருதோன்னு பயமா இருக்குதுங்க. நேத்து ஒரு நம்பர் மறந்துபோச்சு. டைரக்டரியப் பாத்துப் போட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அப்ப உங்களுக்குக் குப்புனு வேர்த்துச்சா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மார்ல கிளம்பி, கழுத்து வழியா..."

"காதுக்கு ஏறும்."

"ஏறி ரெண்டு நிமிஷத்துல இறங்கிடும். அப்புறம் ஜில்லுனு ஆயிடும். முதுகுல ரவிக்கை ஒட்டிக்கும். எனக்குப் பங்குனியிலேர்ந்து இருக்குது காஞ்சிபுரம். நான் யார்கிட்டயும் சொல்லலை."

எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் மூடி விழுந்தது. சூரத்துக்கு அர்ஜென்ட் கால், ஜரிகை பார்ட்டி. இருந்த ஒரே லைனை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று நிமிஷம் முடிந்து, இன்னும் மூன்று நிமிஷம் வேண்டும் என்றார். அந்த ஆறு நிமிஷம் நான் உட்கார்ந்திருந்ததை எப்படிச் சொல்வேன்? இந்த உடம்பில் நடப்பது இன்னொரு உடம்பிலும் நடக்கிறது. அந்த ஒரு சேதி போதும், எழுந்து தெருவில் ஓடலாம் போல இருந்தது. ஜரிகைக்காரர் பேசி முடித்ததும் கார்டைப் பிடுங்கினேன், அடித்தேன், அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். "அழுகை வருதா?" என்று கேட்டாள். எடுத்ததும் அதுதான் கேட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் கணக்குப் பார்த்துக்கொண்டோம். எனக்கு மூட்டு வலி, அவளுக்கு இல்லை. அவளுக்கு எதைத் தின்றாலும் வயிறு ஊதியது, எனக்கு இல்லை. வெக்கை இரண்டு பேருக்கும். தூக்கமின்மை இரண்டு பேருக்கும். கோபம் அவளுக்கு அதிகம். கம்பவுண்டர் சட்டைப் பொத்தான் விட்டுப்போயிற்று என்று சொன்னதற்கு, சட்டையையே கிணற்றடியில் வீசிவிட்டாளாம். அவளுக்கும் மாதம் முன்னும் பின்னுமாக வந்தது. ஆனால் லைனில் இதையெல்லாம் உடைத்துப் பேச முடியாது. சூப்பர்வைசர் எந்த நேரமும் நடுவில் காது கொடுத்துக் கேட்பார். அதனால் எங்கள் பாஷையிலேயே பேசினோம். டிரங்க் கால்களில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு உண்டு. லைட்னிங் என்றால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் போகிற கால். எப்போதாவதுதான் வரும். நாங்கள் வெக்கைக்கு லைட்னிங் என்று பெயர் வைத்தோம், மாதவிலக்குக்கு ஆர்டினரி. "நேத்து மூணு லைட்னிங் காஞ்சிபுரம்" என்பாள் அவள். "இந்த மாசம் ஆர்டினரி இன்னும் வரலை" என்பேன் நான்.

ஆவணியில் அந்த ஆர்டினரி வரவே இல்லை. முப்பது நாள் போயிற்று, நாற்பது போயிற்று, ஐம்பதைத் தொட்டது. அந்த வாரம்தான் திருப்புட்குழியிலிருந்து சேதி வந்தது, மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று. வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுப் போய்ப் பூந்தி வாங்கி வந்தார். நான் பூந்தியைத் தொடவில்லை. மகளும் தாயும் ஒரே சமயத்தில் பிள்ளை பெறுவதா? சம்பந்தி வீட்டில் எப்படித் தலையைக் காட்டுவது? செங்கல்பட்டிடம் சொன்னேன். அவளும் பயந்துபோனாள். பொறுங்கள், நான் யோசித்துச் சொல்கிறேன் என்றாள், அவள் என்னவோ அதிகாரி மாதிரி.

ஐம்பத்து மூன்றாம் நாள் எனக்கு வந்துவிட்டது. இரண்டே நாள்தான் இருந்தது. அதற்கு மறுநாள் காலையில் நான் சொல்வதற்கு முன்னால் அவளே பேசினாள். குரல் ஓட்டமாக வந்தது.

"காஞ்சிபுரம், நீங்க வயசுக்கு வந்த வருஷம் ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. ஏன்?"

"முதல் வருஷம் ஒழுங்காவா வந்துச்சு? எனக்கு ஒரு மாசம் வந்துது, அப்புறம் மூணு மாசம் காணோம், அப்புறம் பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி. அப்பவும் இப்படித்தான் தொட்டதுக்கெல்லாம் அழுவேன். எங்க அக்காவைக் கடிச்சே வெச்சேன். வரும்போது அப்படி வந்துது இல்ல? போவும்போதும் அப்படித்தான் போவுதோ என்னவோ."

நான் கார்டைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். மாதவிலக்கு ஒரு வயதில் நிற்கும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். திடீரென்று ஒரு நாள் விளக்கை அணைத்தது போல நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிற்பதற்கு வருஷக்கணக்கில் முன்பே உடம்பு அதற்குத் தயாராக ஆரம்பிக்கும் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை. அவள் சொன்னதும் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. வெக்கை, அழுகை, மறதி, நாள் தவறியது, மூட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. பைத்தியம் இல்லை. வியாதியும் இல்லை. "செங்கல்பட்டு, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றேன். எங்க வூட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலதானே இருக்காரு, எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு என்றாள்.

ஆனாலும் ஒரு டாக்டர் சொன்னால்தான் நிச்சயம் என்று இருவருக்கும் தோன்றியது. அவள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போனால் கம்பவுண்டர் பெண்டாட்டி வந்தாள் என்று அரை மணியில் அவருக்குச் சேதி போகும். காஞ்சிபுரத்தில் ஒரு லேடி டாக்டர் வீட்டிலேயே பார்க்கிறார், இங்கே வாருங்கள் என்றேன். இருவருக்கும் ஒரே நாள் லீவு கிடைக்க வேண்டுமே, அதுதான் சிக்கல். அந்தச் சிக்கலைத் தீர்த்தவர் நாங்கள் எதிர்பாராத ஆள்.

புரட்டாசியில் ஒரு நாள் சூப்பர்வைசர் என்னைத் தம் மேஜைக்குக் கூப்பிட்டார். ஐம்பதைத் தாண்டியவர், கறாரான மனுஷர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"நேத்து நாலு லைட்னிங் வந்துதுன்னு செங்கல்பட்டுகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்களேம்மா. எந்தப் பார்ட்டி? லைட்னிங் வந்தா எனக்குச் சொல்லணும்னு தெரியாதா?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், ஒரு பொய்யும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து அதுவே கிளம்பிவிட்டது. மார்பு, கழுத்து, காது. முகம் சிவந்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்த்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அது கால் இல்ல சார். உடம்புல வர்றது. இதோ, இப்ப வருது பாருங்க" என்றேன்.

அவர் தம் மேஜை மேலிருந்த சின்ன ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு என்ன செய்கிறது, நாங்கள் என்ன நினைக்கிறோம் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஓர் ஆம்பிளையிடம், அதுவும் அதிகாரியிடம், இதையெல்லாம் சொல்லிவிட்டோமே என்று வெட்கமாகப் போயிற்று. அவர் வெகு நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கோவம் வருமாம்மா?"

"வரும் சார்."

"காரணமே இல்லாம?"

"காரணம் வேணாம் சார். தானா வரும்."

ஒரு காகிதத்தை எடுத்து என்னவோ எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார், அவர் வீட்டில் ஒரு வருஷமாக நிம்மதி இல்லையாம். மனைவி திடீர் திடீரென்று அழுகிறாளாம், பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாளாம், குளிர்நாளில் தரையில் தண்ணீர் ஊற்றி அதில் படுக்கிறாளாம். யாரோ ஏவிவிட்டார்கள் என்று சொல்லி, இரண்டு இடத்தில் மந்திரித்துக் கயிறுகூடக் கட்டியாயிற்றாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோயிற்று. டாக்டரிடம் போய்வந்து என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லுங்கள் என்றார். அன்றைக்கே செங்கல்பட்டு சூப்பர்வைசரிடம் தாமே பேசி, அவளுடைய லீவை என் லீவு நாளுக்கு மாற்றிக் கொடுத்தார். என்ன காரணம் சொன்னாரோ தெரியாது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைக்க வழியில்லாமல் எங்கள் தெருவே சும்மா உட்கார்ந்திருந்தது. நான் காலையிலேயே குளித்து, அரக்குப் புடவை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வீட்டில் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லவில்லை. ஆபீஸ் சிநேகிதி வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிற்கப்போகிற பெண் மாதிரி இருந்தது எனக்கு. பதினோரு வருஷத்துக் குரலுக்கு இன்றைக்கு ஒரு முகம் வரப்போகிறது.

ஒரு தப்புச் செய்திருந்தோம். என்ன நிறப் புடவை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாலாஜாபாத் வழியாக வந்த பஸ் நின்றது, நாற்பது பேர் இறங்கினார்கள். மழைக்கு எல்லாரும் கொட்டகைக்குள் ஓடி வந்து முண்டியடித்து நின்றார்கள். என் மனசில் செங்கல்பட்டு ஒல்லியாக, உயரமாக, கண்ணாடி போட்டிருப்பாள். அப்படி ஒருத்தி இறங்கினாள். நான் சிரித்தேன், அவள் முறைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டத்தில் எல்லாரும் குளிரில் ஒடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் துண்டால் தலையை மூடியிருந்தார்கள், பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே குட்டையாக, பூசினாற்போல ஒரு பெண்பிள்ளை, தூணில் சாய்ந்துகொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தும் கன்னமும் செக்கச்செவேலென்று இருந்தன. மேலுதட்டில் வியர்வை. அந்த மழையில், அந்த ஊதல் காற்றில், விசிறிக்கொள்ள எந்த ஜென்மத்துக்குத் தோன்றும்? நான் நேராகப் போய் அவள் எதிரில் நின்றேன்.

"செங்கல்பட்டுங்களா?"

அவள் விசிறுவதை நிறுத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "லைட்னிங்மா. ஒரு நிமிஷம் இரு" என்றாள். அதே குரல். பதினோரு வருஷமாகப் போட்டிருந்த 'நீங்க' அந்த இடத்தில் போய்விட்டது. அவளும் திரும்பப் போடவில்லை, நானும் தேடவில்லை. வெக்கை இறங்கினதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நீ இவ்வளவு உயரமாக இருப்பாய் என்று நினைக்கவில்லை என்றாள்.

லேடி டாக்டர் வீட்டு வராந்தாவில் பெஞ்சு முழுக்க வயிறும் பிள்ளையுமாக இளம்பெண்கள். நாங்கள் இருவரும் நடுவில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் பிடுங்கிக் கொடுக்க ஒரு பார்ட்டியும் இல்லாமல் பேசுவது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. டாக்டர் என்னை முதலில் பார்த்தார், பிறகு அவளை. படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, நாள் கணக்கெல்லாம் விசாரித்தார். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தார்.

"புள்ளையும் இல்ல, மூளைக்கோளாறும் இல்ல. தூரம் நிக்கிறதுக்கு உடம்பு தயாராவுது. சில பேருக்கு ஒரு வருஷத்துல முடியும், சில பேருக்கு நாலஞ்சு வருஷம் இழுக்கும்."

நான் செங்கல்பட்டைப் பார்த்தேன். அவள் நேராக டாக்டரைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை பாசானவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கு இதை யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். நாங்களே பேசிக் கண்டுபிடித்தோம், வயசுக்கு வந்தபோது இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று அவள் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டு, இவர்களைப் பார், வருகிறவர்களில் பாதிப்பேர் கையில் மந்திரித்த கயிற்றோடு வருகிறார்கள், இவர்கள் விடையோடு வந்திருக்கிறார்கள் என்றார். எனக்கு அந்த வார்த்தை சம்பள உயர்வு கிடைத்தது மாதிரி இருந்தது.

பிறகு அவர் சொன்னவற்றை நான் இன்னும் வரி மாறாமல் சொல்வேன். பன்னிரண்டு மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதுவரை இந்த வயதிலும் பிள்ளை உண்டாகலாம், ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்படி நின்ற பிறகு மறுபடி ஒரு சொட்டுப் பட்டாலும் வெட்கப்படாமல் ஓடி வந்துவிட வேண்டும். இப்போதே கூட ரொம்பக் கொட்டினாலோ, பத்து நாளுக்கு மேல் நிற்காமல் போனாலோ வர வேண்டும். பாலும் கீரையும் சாப்பிட வேண்டும், நடக்க வேண்டும். காப்பியைக் குறைக்க வேண்டும் என்றதும் செங்கல்பட்டு முகம் தொங்கிவிட்டது.

வெளியே வந்தோம். மழை விட்டபாடில்லை. எங்களுக்கோ கால் தரையில் பாவவில்லை. ராஜ வீதியில் ஒரு கூல்டிரிங்க்ஸ் கடை இருந்தது, அந்த மழையில் ஈ காக்கை இல்லை. இரண்டு ஐஸ்கிரீம் கேட்டோம். கடைக்காரர் நம்பாமல் மறுபடி கேட்டார். காப்பிதான் கூடாதுன்னு சொன்னாங்க, ஐஸ்கிரீமைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே என்றாள் அவள். ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். அப்புறம் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வந்தோம், அவள் வீட்டில் அங்கே போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்ததால். மூன்றரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் திறந்துவைத்து மழைச்சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு போனாள். பக்கத்துச் சீட்டுக்காரர் திட்டிக்கொண்டே போனது கீழே எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து சும்மா ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அவரிடம் மாதவிலக்கைப் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அன்றைக்குத்தான். கேட்டு முடித்ததும், "அப்ப உயிருக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். இல்லை என்றேன். "ஆடியிலேர்ந்து நீ அழுவறதப் பாத்து, மவளைக் கட்டிக்குடுத்த இடம் சரியில்ல, என்கிட்ட மறைக்கிறேன்னு நெனச்சேன். ரெண்டுவாட்டி திருப்புட்குழிக்கு நடந்தே போயிட்டு வந்தேன், அவ நல்லாதான் இருந்தா" என்றார். பட்டு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போன இரண்டு நாட்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார், பஸ்ஸில் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்று.

சூப்பர்வைசரிடம் மறுநாளே டாக்டர் சொன்னதை எழுதிக் கொடுத்தேன். பெண்களைப் பற்றியதை ஓர் அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கும் பாஷை எனக்குத் தெரியவில்லை, மனுப் போலத்தான் எழுதினேன். அடுத்த வாரம் அவர் மனைவியை அழைத்துக்கொண்டு போனார். மறு வாரம் அந்த அம்மாவே ஆபீஸ் வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கையில் கயிறு இல்லை.

எனக்கு முழுசாக நிற்க இன்னும் இரண்டரை வருஷம் ஆயிற்று. செங்கல்பட்டுக்கு மூன்றரை. அதற்குள் எத்தனையோ கஷ்டமான நாட்கள் வந்தன. வெக்கையும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் என்ன வருகிறது என்று தெரிந்துவிட்டதால் பயம் போய்விட்டது.

அந்த வருஷம் தை மாதம் எங்கள் வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. செங்கல்பட்டு கம்பவுண்டரோடு வந்திருந்தாள். வளையல் போட்டு, ஐந்து வகைச் சாதம் பரிமாறி, ஆண்களெல்லாம் வெற்றிலையோடு தெருப்பக்கம் போன பிறகு, நானும் அவளும் பின்கட்டில் அண்டாக்களைக் கழுவ உட்கார்ந்தோம். அவளுக்கு வழக்கம்போல முகம் சிவந்து வேர்த்தது. ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து வீட்டில் பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுத்துச் சுற்றும் ஒரு பெண், தெலுங்குக்காரி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், பாத்திரம் எடுத்துக்கொடுக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாக்கா, இவங்களுக்கு இன்னா செய்யுது?" என்று என்னிடம் கேட்டாள்.

சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் குந்தினாள். "நாலு மாசமா எனக்கும் காது சுடுதுக்கா. நான் கொதிக்கிற வெந்நீர்ல இழை எடுக்கிறேனே, அதுனாலன்னு நெனச்சேன்" என்றாள். வேலையில்லாத நாளிலும் சுடுகிறதா என்று செங்கல்பட்டு கேட்டாள். அவள் யோசித்துவிட்டு, பொங்கலுக்கு மூன்று நாள் இழை எடுக்கிற அடுப்பை மூட்டவில்லை, அப்போதும் சுட்டது என்றாள். செங்கல்பட்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவளால் முடியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாசம் எப்படி வருது, அதைச் சொல்லு மொதல்ல" என்றாள்.